செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

"கம்பெனிய விட்டு வந்துட்டீங்கல்லா அக்கா, பெறவு ஏன் இன்னும் அதே கேமராவத் தூக்கிட்டு அலையுதீங்க?" தென்காசியில் கல்யாணப் படமெடுக்கும் தம்பிகள் பலரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போதே அவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். எனக்கு இன்னும் மறைவாகப் பணம் வருகிறது என்பது ஒன்று. பழைய விசுவாசம் விடவில்லை என்பது மற்றொன்று. ஒரு பெண் எதிலாவது நிலைத்து நின்றால், அவளை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அவளாக நிற்கக்கூடும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது, வந்தால்.

இரண்டு ஆண்டுகள் ஒரு கேமரா நிறுவனத்தின் விளம்பரத் தூதராக இருந்தேன். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதினால், புகழ்ந்தாலும் திட்டினாலும் இது இன்னொரு விளம்பரமாகிவிடும். அதனால் பெயர் வேண்டாம். அவர்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, கல்யாண வேலையில் சேர்த்த காசோடு ஒரு சங்கிலியை அடகு வைத்து அந்தக் கேமராவை வாங்கியிருந்தேன். ஒப்பந்தம் போட்டபின் புதிய மாடல்களை இரவல் தந்தார்கள், பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு நான் இரண்டு விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டேன். வேறு நிறுவனத்தின் கேமராவோடு பொதுவெளியில் தென்படக் கூடாது. அவர்களுடைய கேமராவின் குறையைப் பொதுவில் பேசக் கூடாது.

என்னைத் தேடி வந்ததற்கு என் படங்கள் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. 2017இல் நிக்கான் தன் டி850 கேமராவை அறிமுகப்படுத்தியபோது ஆசியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா பகுதிகளிலிருந்து 32 புகைப்படக் கலைஞர்களை முன்னிறுத்தியது. 32 பேரும் ஆண்கள். உலகெங்கும் கேள்வி எழுந்ததும், அழைத்த பெண்களால் வர இயலவில்லை என்று விளக்கம் வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கேமரா நிறுவனமும் பெண்முகம் இல்லாத பட்டியலை வெளியிட யோசித்திருக்கும். அந்த யோசனையில் என் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது. திறந்தது நல்லதுதான். ஆனால் உள்ளே போனதும் கிடைத்தது என்ன? 'பெண்களுக்கு ஏற்ற எடை குறைந்த கேமரா' என்று பேசும் வேலை. சட்டர் வேகத்தையோ வெளிச்சத்தையோ பற்றிப் பேச ஆண்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

பிராண்ட் அம்பாசிடர் என்பதைத் தமிழ் நாளிதழ்கள் விளம்பரத் தூதர் என்று எழுதுகின்றன. தமிழில் தூது போன பெண் என்றால் நினைவுக்கு வருபவர் ஔவை. அதியமான் அவரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்பது புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குரிய செய்தி. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, மின்னிக்கொண்டு இருக்கின்றன. ஔவை அவற்றைப் பாராட்டுவதுபோலப் பாராட்டிவிட்டு, தன் அரசனின் வேல்களோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மின்னும் ஆயுதம் வேலை பார்க்காத ஆயுதம் என்பது உள்ளுறை. நான் போன பயிற்சி வகுப்புகளில் மேசைமீது பரப்பி வைத்திருந்த கேமராக்கள் எல்லாம் தொண்டைமானின் கொட்டில்தான். கீறல் விழுந்த என் பழைய கேமராவை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஔவையும் ஓர் அரசன் பக்கம் நின்றவர்தான். ஆனாலும் அவர் தன் பக்கத்து ஆயுதத்தின் முறிவை வெளியே சொன்னார். அந்த முறிவே அதன் பெருமை என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தது. எனக்கு அந்த இடம் இல்லை.

பிரிவு வந்தது குற்றாலச் சாரலில். ஆனியும் ஆடியும் இங்கே மழையென்று சொல்ல முடியாத ஒரு ஈரம் நாள் முழுக்கக் காற்றில் நிற்கும். வெயிலடிக்கும்போதே தூறும். ஐந்தருவிப் பக்கம் நின்றால் மேலிருந்து தூறலும் எதிரிலிருந்து அருவித் திவலையும் சேர்ந்து அடிக்கும். அந்த மாடலில் பின்பக்கச் சக்கரத்தின் ஓரமாக ஈரம் உள்ளே இறங்குகிறது என்பதை மூன்று சீசன்களில் தெரிந்துகொண்டிருந்தேன். உறை போடாமல் அருமையாகத் தாங்குகிறது என்று நான் சொல்வதுபோல் ஒரு காணொளி வேண்டும் என்றார்கள். பேரருவியின் பெண்கள் பகுதியில் 'இயல்பாக' நாலு படம் எடுத்துச் சேர்த்தால் சீசனுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். பெண் என்பதால் உனக்கு அங்கே அனுமதி சுலபம் என்பது அவர்கள் கணக்கு. நனைந்த துணியோடு அருவியில் நிற்கும் ஒருத்தி, அன்றைக்கு ஒருநாள் வீட்டு வேலையிலிருந்து தப்பி வந்தவளாக இருக்கலாம். அவளுடைய அந்த அரைமணி நேரத்தை விற்க எனக்கு உரிமை கிடையாது. கடன் வாங்கிக் கேமரா எடுக்கும் கடையநல்லூர்ப் பையனிடம் உறை தேவையில்லை என்று சொல்லவும் உரிமை கிடையாது. இரண்டையும் மறுத்தேன். இரவல் மாடல்களைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். என் பழைய கேமரா என்னிடம் இருந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனேன்.

அது விசுவாசமா? என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளில் சொளவை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இலையும் தூளும் கம்பெனி தரும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கட்டில் ஒட்டும் லேபிள் கம்பெனியுடையது. கத்தரிக்கோல் மட்டும் அம்மாவுடையது. அவள் மூன்று கம்பெனிகளுக்குச் சுற்றியிருக்கிறாள். இலை மோசமாக வந்தால், நல்ல பீடியைக் கழித்துக் கட்டினால், வேறு கடைக்கு மாறிவிடுவாள். கத்தரியை மட்டும் மாற்றவில்லை. சாணை பிடித்துப் பிடித்து அது மெலிந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "புதுசு கைக்குப் படிய ஆறு மாசம் ஆவும்ட்டி. அந்த ஆறு மாசக் கூலிய நீயா தருவ?" என்றாள். கம்பெனிமீது பாசம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அந்தக் கத்தரியில் இருந்தது அவளுடைய உழைப்பு.

என் கேமராவிலும் அதுதான் இருக்கிறது. இருட்டிய மண்டபத்தில் பார்க்காமலே விரல் எந்தப் பொத்தானுக்குப் போகும் என்பது, கறுத்த மணப்பெண்ணின் முகத்தை இந்தச் சென்சார் எவ்வளவு வெளுப்பாக்கும், நான் எவ்வளவு குறைத்து வைக்க வேண்டும் என்பது. இந்த அறிவை எந்த நிறுவனமும் எனக்குக் கொடுக்கவில்லை. அதனால் அவர்களிடமிருந்து விலகும்போது அதைத் திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வேறு கேமராவுக்கு மாற உன்னிடம் பணம் இல்லை, அதற்குத்தான் இவ்வளவு தத்துவமா? பாதி உண்மை. ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொன்றின் உடலில் நேராகப் பொருந்தாது. மாட்டும் வளையத்தையே வேறாகச் செய்திருக்கிறார்கள். உடலை மாற்ற நினைப்பவர் எல்லா லென்ஸையும் மாற்ற வேண்டும். நம்மை இப்படிப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்களைக் கட்டிவைத்துக்கொள்வதில்லை. 1987இல் கேனான் தன் பழைய எஃப்டி வளையத்தைக் கைவிட்டுப் புதிய இஎஃப்க்குப் போனபோது, பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் விழித்தார்கள். 2006இல் கோனிகா மினோல்டா கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. வணிகத்தில் அது சாதாரணம். நாம் மாறினால்தான் துரோகம்.

வெளியேறுவதன் விலையை ஏற்றி வைத்துவிட்டு, வெளியேறாதவளின் பொறுமையைப் புகழும் வழக்கத்தைப் பெண்கள் வேறோர் இடத்திலும் அறிவார்கள். நகை அவர்கள் வசம், பிள்ளை அவர்கள் பெயரில், பிறந்த வீட்டில் அறை இல்லை. அவள் தங்கிவிடுகிறாள். தங்கியதற்குக் கற்பு, குடும்பப் பாங்கு என்று பெயர் வைக்கிறார்கள். ஆணின் விசுவாசத்துக்கு நம்மிடம் காவியமே இருக்கிறது. செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் உயிரைக் கொடுத்தான், இன்றும் கண்ணீர் விடுகிறோம். அந்தச் சோற்றைப் பொங்கியவளின் விசுவாசம் எதிர்பார்க்கப்பட்டது. அதனால் அது கண்ணில் படுவதில்லை, மீறினால்தான் படும்.

அப்படியானால் நான் நிற்பது என் விருப்பமா, கட்டாயமா என்று எனக்கு எப்படித் தெரியும்? முழுச் சுதந்திரம் உள்ள இடத்திலிருந்து யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்துகொண்டே இருந்தால் தீராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: உள்ளே இருந்தபடியே குறையை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? தூதராக இருந்தபோது என்னால் முடியவில்லை. இப்போது முடிகிறது. யார் கேட்டாலும் ஈரம் இறங்கும் ஓரத்தைக் காட்டுகிறேன், ஜவுளிக்கடைப் பையில் நான் வெட்டித் தைத்த உறையையும் காட்டுகிறேன், உன் விரல் நீளத்துக்கு வேறு கேமரா பொருந்தும் என்றால் அதையும் சொல்கிறேன். கையிலிருப்பது அதே பொருள்தான், உறவு வேறு. குறை சொன்னால் இடம் போய்விடும் என்ற நிலையில் காட்டும் பற்றுக்கு, அது வேலையானாலும் கட்சியானாலும் கல்யாணமானாலும், விசுவாசம் என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

அதுபோலவே விட்டுப் போவதையும் துரோகம் என்று சொல்லமாட்டேன். ஹோமாய் வியாரவல்லா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். அவர் எடுத்த தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரில் வெளியாயின. பிறகு கனமான ஸ்பீட் கிராஃபிக்கையும் ரோலிஃப்ளெக்ஸையும் சுமந்து, சேலை கட்டிக்கொண்டு, டெல்லியின் அதிகாரக் கூட்டத்துக்குள் பல ஆண்டுகள் வேலை செய்தார். 1970இல், தொழிலின் நடத்தை தனக்கு ஒவ்வாமல் போனதும், நிறுத்திவிட்டார். 2012இல் இறக்கும்வரை அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. அவருக்குக் கேமராமேல் பற்று இல்லை என்று யார் சொல்ல முடியும்? நிறுத்தும் நாளையும் அவரே முடிவு செய்தார்.

என் கேமராவில் சட்டர் சத்தம் மாறத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு சீசன் தாங்கலாம். அது நின்றுபோகும் நாளில் கையிருப்பு, லென்ஸின் மறுவிற்பனை விலை, என் மணிக்கட்டு வலி எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போடுவேன். அதே நிறுவனத்தையே வாங்கலாம், வேறொன்றுக்குப் போகலாம். எதை வாங்கினாலும் அதன் குறையைக் கேட்பவர்களிடம் சொல்வேன்.