நாலா, இரண்டா?

2025 மார்ச் 29, சனிக்கிழமை. துபாயில் இருபத்தொன்பதாவது நோன்பு. அறையிலேயே நோன்பைத் திறந்து, மஃரிபைத் தொழுதுவிட்டு, பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்துவிட்டேன். இரவு பத்து மணிக்குத் திருவனந்தபுரம் விமானம். கவுன்ட்டர் வரிசையில் நிற்கும்போது பிறை தெரிந்த செய்தி எல்லோருடைய போனிலும் வந்தது. நாளை இங்கே பெருநாள். ஊரில் நோன்பு ஒரு நாள் தள்ளித்தான் தொடங்கியது. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் நோன்பு.

எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். உம்மாவோடு உட்கார்ந்து ஒரு நோன்பு திறக்க வேண்டும். 2003-ல் துபாய்க்கு வந்தவன் நான். இந்த 22 வருஷத்தில் ரமலானில் ஊரில் இருந்தது மூன்று முறை. பெருநாளுக்குப் போயிருக்கிறேன், பெருநாள் கழிந்தும் போயிருக்கிறேன். உம்மா கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து ஒன்பது வருஷமாகிறது. அதனால் கணக்குப் பார்த்தே டிக்கெட் எடுத்தேன். விடியற்காலை மூன்றரைக்கு இறங்கினால் காலை ஒன்பதுக்குள் காயல்பட்டினம். இங்கே பிடித்த 29, அங்கே பிடிக்கப்போகும் ஒன்று, ஆக முப்பது.

இப்படி இரண்டு ஊர்களின் பிறைக்கு நடுவே மாட்டிக்கொள்பவனைப் பற்றி நம் சட்ட நூல்கள் எப்போதோ யோசித்துவிட்டன. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபி மத்ஹபின், அதாவது ஷாஃபி சட்டப் பிரிவின், அடிப்படை நூல்களில் ஒன்று. காலையில் பெருநாள் கொண்டாடிய ஒருவரைக் கப்பல் தொலைவான ஊர் ஒன்றில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே எல்லோரும் நோன்பில் இருக்கிறார்கள். அவர் என்ன செய்வது என்ற கேள்வி அதில் வருகிறது. மீதிப் பொழுதுக்கு அவரும் உண்ணாமல் பருகாமல் இருக்க வேண்டும் என்பதே சரியான கருத்து என்று இமாம் முடிவு சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. போய் இறங்குகிற ஊரின் பசியில் உனக்கும் பங்குண்டு என்கிறது.

பத்து மணி விமானம் பதினொன்றரை ஆனது. பிறகு ஒன்று. பிறகு மூன்றரை. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கோளாறு சரியானபோது விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது, வேறு ஆட்கள் வர வேண்டும் என்றார்கள். விமானி களைத்த கண்ணோடு ஓட்டக் கூடாது என்பது நம் உயிருக்கான விதி. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளதை உள்ளபடி ஒருவரும் சொல்லாமல், ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று இழுத்ததுதான் மனிதர்களை உருக்குலைத்தது. காலை வரை புறப்படாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால், கைக்குழந்தையோடு வந்த அந்தத் தங்கச்சி தரையில் துணி விரித்தாவது பிள்ளையைத் தூங்க வைத்திருப்பாள். அழைப்பு எந்த நிமிஷமும் வரலாம் என்று விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டே நின்றாள்.

நள்ளிரவு தாண்டித் தொழுகை அறைக்குப் போனேன். இஷாவின் நான்கு ரக்அத்தைப் பயணிக்குரிய சலுகைப்படி இரண்டாகச் சுருக்கித் தொழுது ஸலாம் கொடுத்தேன். பக்கத்தில் வாணியம்பாடிக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரும் எங்கள் விமானம்தான். திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

“தம்பிக்குத் துபாய்ல எந்தப் பக்கம்?”

“தேரா, பாய்.”

“அப்ப நாம இன்னும் ஊரைத் தாண்டலையே. எழுந்து நாலா தொழுதுடுங்க.”

அவர் ஹனஃபி, நான் ஷாஃபி. இந்த விஷயத்தில் இரண்டு மத்ஹபும் ஒன்றுதான். நான் வசிக்கும் ஊரின் எல்லையைக் கடந்த பிறகுதான் பயணம் தொடங்குகிறது. துபாய் விமான நிலையமோ ஊருக்குள்ளேயே இருக்கிறது. என் அறையிலிருந்து டாக்ஸியில் கால் மணி நேரம். எமிகிரேஷன் கவுன்ட்டரில் நாட்டைவிட்டு வெளியேறியவனாகப் பதிவாகிவிட்டேன். பெட்டி போய்விட்டது, போர்டிங் பாஸ் கையில் இருக்கிறது, மனசு ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது. மார்க்கச் சட்டம் மட்டும், நீ இன்னும் வீட்டில்தான் இருக்கிறாய் என்கிறது. எழுந்து நான்கு ரக்அத் தொழுதேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

துபாய் என் வீடா? அங்கே 22 வருஷமாக ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ‘அடுத்த வருஷம் முடித்துக்கொண்டு போய்விடலாம்’ என்றே உறுதியாக நினைத்திருக்கிறேன். ஓரிடத்தில் போன நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் ஒருவன் அங்கே முகீம், அதாவது தங்கியிருப்பவன் என்கிறது எங்கள் மத்ஹப். காற்றுக்குக் காத்திருக்கும் கப்பல்காரனைப் போல, இன்றோ நாளையோ கிளம்பிவிடுவேன் என்று எதிர்பார்த்தே ஓரிடத்தில் நாள் கடத்துகிறவனுக்கும் சலுகை உண்டு. ஆனால் அது பதினெட்டு நாளைக்குத்தான். பதினெட்டு நாளுக்கு மேல் ‘இதோ கிளம்புகிறேன்’ என்ற பேச்சைச் சட்டம் ஏற்பதில்லை. 22 வருஷம் அப்படிச் சொல்லி வந்தவன், அந்த இரவு தரைவிரிப்பில் உட்கார்ந்து இதை முதல் தடவையாக எனக்கே பொருத்திப் பார்த்தேன்.

சரி, காயல்பட்டினமாவது என் வீடா? எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்குத்தான். கல்யாணமானதும் ஆண் தன் மனைவி வீட்டில் போய் இருக்கிறான். அவன் பிறந்த வீடு சகோதரிக்குப் போகிறது. இது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். எந்தப் பெண்ணையும் அது தெருவில் நிறுத்துவதில்லை. ஆனால் ஊரில் எனக்கு உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று மனைவியுடையது, மற்றொன்று நாளை தங்கச்சியுடையது. இரண்டிலும் எனக்குத் திரும்பும் தேதி குறித்த டிக்கெட்டோடுதான் பாய் விரிக்கிறார்கள்.

நபிகள் நாயகம் தாம் பிறந்த மக்காவுக்கு 630-ல் வெற்றியோடு திரும்பியபோது தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள். பதினெட்டு நாள் என்று ஓர் அறிவிப்பும் பத்தொன்பது என்று மற்றோர் அறிவிப்பும் சொல்கின்றன. பயணியின் சலுகைக்கான பதினெட்டு நாள் கணக்கே அங்கிருந்து வந்ததுதான். பிறந்து வளர்ந்த தெருக்களில், அறிந்த மலைகளுக்கு நடுவில், பயணியாக நின்று தொழுவது எப்படி இருந்திருக்கும்? சின்ன வயதில் இதைப் பாடமாகக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. அவர்களோ மதீனாவைத் தம் ஊராக ஏற்றுக்கொண்டவர்கள். திரும்பிப் போய் அங்கேயே அடங்கினார்கள். நான் எந்த ஊரையும் அப்படி ஏற்கவில்லை.

ஞாயிறு காலை துபாயில் பெருநாள். துப்புரவுச் சீருடையோடு வந்த பங்களாதேஷ் பையன்கள், எகிப்துக்காரர்கள், எங்கள் விமானத்து ஆட்கள் என்று சேர்ந்து தொழுதோம். பலகையில் நேரம் மாறியிருக்குமோ என்ற நினைப்பிலேயே நான் நின்றேன். அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

பதினொரு மணி வாக்கில் மலப்புறத்துக்காரர் ஒருவரைச் சுற்றிக் கூட்டம். முந்தின நாள் மாலை அவருடைய தகப்பனார் மவுத். செய்தி கேட்டதும் கிடைத்த முதல் டிக்கெட்டை, வழக்கமான விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்து எடுத்திருக்கிறார். மய்யித்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்? அடக்கிவிடுங்கள் என்று அவரே போனில் சொல்லும்படி ஆகிவிட்டது. கபரில் மண் தள்ளுவதைப் போன் திரையில் பார்த்தார். பிறகு தொழுகை அறையில் வரிசை கட்டினோம். தூரத்தில் இறந்தவருக்காக, உடல் முன்னால் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா. ஷாஃபி மத்ஹபில் அதற்கு இடமுண்டு, ஹனஃபியில் இல்லை. வாணியம்பாடிப் பெரியவர் வரிசையில் சேரவில்லை. பின்னால் கையேந்தித் துஆ செய்தபடி நின்றார். தொழுது முடித்ததும் அந்த மனிதரை முதலில் கட்டிப்பிடித்தவர் அவர்தான்.

இறந்தவருக்குத் தூரத்திலிருந்து தொழலாம். உயிரோடிருக்கும் உம்மாவோடு தூரத்திலிருந்து நோன்பு திறக்க முடியாது. இதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் திறக்கலாமே என்று அறை நண்பன் சொன்னான். துபாயில் அன்று பெருநாள். பெருநாளில் நோன்பிருப்பது விலக்கப்பட்டது. இந்தக் கண்ணாடிச் சுவர்களுக்குள் நான் சாப்பிட்டே ஆக வேண்டியவன். பாங்கு சொல்கிற நேரத்தில் உம்மாவே கூப்பிட்டார்கள். “எங்கேப்பா நிக்கிறே?” “அங்கேயேதான் உம்மா.” கஞ்சியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கவுன்ட்டரில் சத்தம் போட்ட இளைஞன் ஒருவனைப் பார்த்து, “சபூர் செய் தம்பி, நோன்பிருந்த வாய்” என்று பொறுமை சொல்லிச் சிலர் அடக்கினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. யூசுப் நபியைப் பிரிந்த யஅகூப் நபி, அழுது அழுது கண்பார்வை இழந்தார்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். குர்ஆனில் அழகிய பொறுமை என்ற சொல் அவர்கள் வாயிலிருந்தே வருகிறது. பிள்ளை அயல்நாட்டில், தகப்பன் வீட்டில் என்ற கதை அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நடப்பது. அழுவதும் கேட்பதும் பொறுமைக்கு எதிரி அல்ல. உரிமையைக் கேட்பவன் வாயை அடைக்க அந்தச் சொல்லை எடுப்பது, அந்தச் சொல்லுக்கே செய்யும் அநியாயம். அந்த இளைஞன் கேட்டதும் என்ன? கைக்குழந்தைக்காரிக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரு வேளைச் சோறு. அவன் சத்தம் போட்ட பிறகுதான் சோறும் வந்தது.

கட்டணத்தைப் பற்றியும் இதே கோபத்தோடு யோசித்தேன். வழக்கமாக 500 திர்ஹம் சுமாரில் கிடைக்கும் டிக்கெட்டுக்கு நான் 1,650 கொடுத்தேன். மார்ச் இரண்டாம் வாரம்தான் லீவு உறுதியானது. முன்கூட்டியே எடுக்க வழியில்லை. இதை மார்க்கம் கண்டிக்கும் என்று தேடினால், மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் கேட்டும் நபிகள் நாயகம் மறுத்துவிட்ட செய்திதான் முதலில் எதிரே நிற்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மக்களுக்குத் தேவையான பொருளைப் பதுக்கி விலையேற்றுவதை அவர்கள் வன்மையாகக் கண்டித்ததும் உண்மை. விமான இருக்கை பதுக்கும் பொருளா? எத்தனை இருக்கை பறக்கலாம் என்பதையே இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு வரம்பு கட்டிய சந்தையில், திறந்த மதீனாக் கடைத்தெருவின் சட்டம் அப்படியே பொருந்துமா? பொருந்தாது என்றே நான் நம்புகிறேன். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் சொத்துள்ளவனாக இருந்தாலும் வழியில் கையற்று நின்றால் அவனுக்கு அதில் பங்குண்டு. அரபியில் அவனுக்குப் பெயர் ‘பாதையின் மகன்’. பாதையில் நிற்பவன் பலவீனன், அவனுக்குக் கொடு என்கிறது அந்தச் சட்டம். அதே பலவீனத்தைத் திரையில் பார்த்து விலையை ஏற்றும் ஏற்பாட்டை நான் எப்படி நியாயம் என்பேன்?

திங்கட்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு விமானம் கிளம்பியது. 29 மணி நேரம் தாமதம். கடலுக்கு மேல் போன பிறகு, சந்தேகமே இல்லாமல் நான் பயணி. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் வந்த ஒரே தொழுகை சுபுஹ். சுபுஹுக்கு எப்போதும் இரண்டே ரக்அத். அதில் சுருக்க எதுவும் இல்லை. திருவனந்தபுரத்தில் எட்டரைக்கு இறங்கும்போது ஊரில் பெருநாள் தொழுகை முடிந்து பிள்ளைகள் பெருநாள் காசு வாங்கிக்கொண்டிருப்பார்கள். களியக்காவிளை, நாகர்கோவில், வள்ளியூர், திசையன்விளை. உடன்குடிக்கு முன்னால் டிரைவர் ஒரு பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தி, “லுஹர் தொழுதுக்கிறீங்களா, பாய்?” என்றார். இங்கே சுருக்கித் தொழலாம், எல்லா மத்ஹபின்படியும். ஏனோ இறங்கத் தோன்றவில்லை. வீட்டில் தொழுதுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உம்மா வீட்டுக்கு வரும்போது மணி இரண்டே கால். மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். சஹனில் நெய்ச்சோறும் களறிக் கறியும் எனக்காக மூடி வைத்திருந்தது. உம்மா கட்டிலில் இருந்து எழப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைத் தடவிவிட்டு, 22 வருஷமாக எப்போதும் கேட்பதையே முதலில் கேட்டார்கள்.

“எத்தனை நாளைக்குப்பா?”

“எட்டு நாள் உம்மா.”

“லுஹர் தொழுதியா?”

“இன்னும் இல்லை.”

“அப்ப நாலு தொழு” என்று தலைமாட்டில் மடித்து வைத்திருந்த முசல்லாவை எடுத்துத் தந்தார்கள்.