கிடைத்த இடம்

மாசி மகத்துக்கு மறுநாள் விடியற்காலையில் திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்களுக்கு ஒரு தொழில் இருந்தது. முதல் நாள் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டம் கடலுக்குப் போட்ட காசுகளில் சிலவற்றை அலை திருப்பிக் கொடுத்திருக்கும். கால் கட்டைவிரலால் ஈர மணலைக் கிளறிக்கொண்டே நடப்போம். ஓரணா கிடைத்தவன் அன்றைக்கு ராஜா. அது யாருடைய காசு என்ற கேள்வி எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. ஜனங்கள் கடலுக்குக் கொடுத்தார்கள். கடல் எங்களுக்குக் கொடுத்தது. நடுவில் வழக்கு ஏது?

அறுபது வருஷங்களுக்கு மேல் கழித்து, போன கோடையில், இங்கிலாந்தில் ஒரு கோதுமை வயலில் அதே தொழிலை மறுபடி செய்தேன். சஃபோக் பக்கத்தில் குடியிருக்கும் என் தம்பி மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது அவன் பொழுதுபோக்கு. நீளமான கம்பின் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டு. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் உண்டாகி, கருவி கீச்சென்று கத்துகிறது. வயலுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கி, அறுவடையான தாள்களுக்கு நடுவே அதை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்தான். முதல் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தவை மூன்று ஆணிகள், ஒரு பாட்டில் மூடி, ஏதோ இயந்திரத்தின் திருகு ஒன்று. அதற்குப் பிறகு ஒரு காசு கிடைத்தது.

சட்டைப் பொத்தானைவிடச் சற்றுச் சிறியது. பச்சை பூத்த வெண்கலம். துடைத்துப் பார்த்தால் ஒரு மனிதனின் பக்கவாட்டு முகம். ரோமானியச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் காலத்தது என்று பின்னால் தெரிந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. திருவொற்றியூர்ப் பையன் அப்படியேதான் இருக்கிறான்.

தம்பி மகன் காசைப் பார்க்கக்கூட இல்லை. கைப்பேசியை எடுத்து, நாங்கள் நின்ற இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல இடம், அப்புறந்தான் காசு, பெரியப்பா" என்றான்.

அந்த நாட்டில் புதையலுக்கு 1996-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். பொன், வெள்ளிக் காசுகள் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டவையாக ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் சொல்லியாக வேண்டும். செம்பு, வெண்கலமானால் பத்து. ஒற்றை வெண்கலக் காசை யாரும் கேட்க முடியாது. ஆனாலும் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். அப்படித் தானாக வந்து சொல்லப்படுபவற்றைப் பதிந்துவைக்க 1997-ல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. 2015-ல் ஹெரிஃபோர்டுஷயரில் ஒரு பெரும் புதையலைக் கண்டு, மறைத்து, விற்றவர்கள் பிடிபட்டு 2019-ல் சிறைக்குப் போனார்கள். அந்தக் காசுகளில் பெரும்பகுதி இன்னும் அகப்படவில்லை.

அதே சஃபோக்கில் ஹாக்ஸ்னி என்ற கிராமம் இருக்கிறது. 1992 நவம்பரில் அங்கே ஒரு குடியானவரின் சுத்தியல் வயலில் தொலைந்துபோயிற்று. தேடிக் கொடுக்க வந்தவர் எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர். அவருடைய கருவி சுத்தியலுக்கு முன்னால் ரோமானியப் பொன்னையும் வெள்ளியையும் காட்டிக்கொடுத்துவிட்டது. கொஞ்சம் தோண்டினார், பிறகு நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த நிறுத்தியதைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். கண்ணெதிரே பொன் மின்னும்போது மண்வெட்டியைக் கீழே வைக்க எத்தனை பேரால் முடியும்? அவர் நிறுத்தியதால், மக்கிப்போன மரப்பெட்டியின் தடமும், அதற்குள் எதை எதன்மேல் அடுக்கியிருந்தார்கள் என்பதும் தெரிந்தன. காசு மட்டும் 14,865. வெகுமதி 17½ லட்சம் பவுன். அதைக் குடியானவரோடு பகிர்ந்துகொண்டார் அவர். சுத்தியலும் கடைசியில் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

அந்தப் பெட்டியில் வெள்ளியினால் ஆன மிளகுச் சிமிழ்கள் நான்கு இருந்தன. பெண்ணுருவாகச் செய்த ஒன்றின் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மிளகு நம்முடையது அல்லவா? நம் மிளகு அங்கே போய் வெள்ளிச் சிமிழில் ஏறிற்று. அதற்கு விலையாக வந்த ரோமானியப் பொன்னும் வெள்ளியும் நம் மண்ணுக்குள் போயின. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சிப் பக்கம் ரோமானியப் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. மறுபடி செலாவணியாகாதபடி யாரோ நம்மூர்க்காரர் போட்ட வெட்டு என்று சொல்கிறார்கள். அவையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தன.

கரூரில் கதை வேறு. அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பிழைத்த ஏழைகளின் முறத்தில்தான் சேரர் காசுகள் அகப்பட்டன. 'மாக்கோதை' என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக் காசு வெளிப்பட்டதும் அந்த ஆற்றிலிருந்துதான். சலித்தவர்கள் வியாபாரிக்கு விற்றார்கள். வியாபாரி சேகரிப்பவருக்கு விற்றார். அவர் படித்துச் சொன்னார். ஆற்றின் எந்த மடுவில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அந்த மணல் சலித்தவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சலிக்காமல் இருந்திருந்தால் மாக்கோதையே நமக்கு இல்லை. அரசனின் பெயர் நமக்கு வந்தது. அவருக்கு வந்தது ஒரு வேளைச் சோறு.

நம்முடைய புதையல் சட்டம் 1878-ல் வெள்ளைக்காரன் எழுதியது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதை மண்ணுக்குள் கண்டாலும், என்ன, எவ்வளவு, எங்கே, என்றைக்கு என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம்வரை சிறை. புதையல் யாருக்கும் சொந்தமில்லை என்று தீர்ந்தால், கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இது நல்ல நியாயம். ஆனால் சர்க்கார் தானே எடுத்துக்கொள்ள நினைத்தால், உலோகத்தின் மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறது. அதாவது செம்புக் காசானால் செம்பு விலை. ஆயிரம் வருஷத்துக்கு எடையில்லை. பழைய பாத்திரக்காரரும் ஏறக்குறைய அதையேதான் கொடுப்பார். அவர் விலாசம் கேட்கமாட்டார்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. 1961-ல் எனக்குப் பதினொரு வயது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்த காலம். அஸ்திவாரம் தோண்டும் கூலிவேலைக்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில், ஒட்டில் உடைந்த பானையும் கைப்பிடி மண்ணும் செம்புக் காசுகளுமாக ஏதோ கிடந்தது. நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு பதறிவிட்டார். பிறகு ஒன்றைத் தேர்ந்து என் கையில் வைத்து, "யாராண்டையும் சொல்லிடாதே கண்ணு, போலீசு வந்துடும்" என்றார். மற்றவை மறுநாள் எடைக்குப் போய்விட்டன. அந்த வாரம் அவர் வீட்டில் மீன் குழம்பு வாசனை இரண்டு நாள் வந்தது.

நான் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று வெகுகாலம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாக்கு அவரைக் காப்பாற்றத்தான் என்றால், அவர் போன அன்றே அது தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் மேஜை அறையில் கிடந்த காசை. ஒரு பக்கம் நின்ற காளை, மறு பக்கம் தேய்ந்துபோன ஏதோ ஒன்று. பழங்காசு தெரிந்த ஒரு நண்பர், பல்லவர் காலத்ததாக இருக்கலாம் என்றார். "எங்கே கிடைத்தது?" என்று அவர் கேட்டபோது, "யாரோ கொடுத்தார்கள்" என்றேன். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை.

எடைக்குப் போட்டவர் செய்தது திருட்டா என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் செம்பு பத்து ரூபாய் தேறியிருக்குமா என்பதே சந்தேகம். தேறியிருக்காவிட்டால் சட்டம் அவரைத் தொட்டிருக்காது. அதை அவருக்குச் சொல்வார் ஒருவரும் இல்லை. பசிக்குப் பயந்தார், போலீசுக்குப் பயந்தார். எனக்கு இரண்டு பயமும் இல்லை, எழுத்தும் தெரிந்திருந்தது. அறுபது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள் அந்த இடத்தைத் தேடிப் போனேன். பனைமரங்கள் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் யானைக் கூட்டம்போல நின்றன. கிழக்கே போனால் கருங்கல் கொட்டிய கரை. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், 1870-களில் தொடங்கி. வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமாயிற்று. இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் தின்றது. காசு தேடி நாங்கள் நடந்த மணலே இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அந்த அஸ்திவாரம் எந்தச் சுவருக்கு அடியில் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதி முடித்திருக்கிறேன். 'கிடைத்த இடம்' என்று தலைப்பிட்டு, இரயில் பாதைக்குக் கிழக்கே, கோயிலிலிருந்து வடக்கே ஒரு சிறுவன் அரை மணி நடக்கும் தூரத்தில் என்று எழுதினேன். 'கிடைத்த காலம்' 1961, மழைக்கு முன். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில்தான் பேனா நின்றது. அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் எல்லாரும் அவரைக் கூப்பிட்ட பெயரை எழுதினேன். தபாலில் அனுப்ப மனமில்லை. திங்கட்கிழமை காசையும் எடுத்துக்கொண்டு நானே போகப்போகிறேன்.