கவசத்தில் பட்டுத் தெறிக்கும் அம்பு



"எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை கொரோனா வந்து போச்சு. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அப்புறமும் வந்துடுச்சே... அப்போ போட்டதெல்லாம் வீணா?"

2022 ஜனவரியில், ஒமிக்ரான் அலை நேரத்தில், இந்தக் கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டோம். இன்னைக்கும் காய்ச்சல் வந்து பரிசோதனையில் கொரோனான்னு தெரிஞ்சா, முதல்ல வாயில் வர்ற கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்குள்ள இன்னும் ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. "நான் எல்லாத்தையும் சரியாத்தானே செஞ்சேன், எனக்கு ஏன்?" என்பது ஒண்ணு. "எனக்கு லேசாத்தான் இருக்கு, இப்போ நான் என்ன செய்யணும்?" என்பது இன்னொண்ணு. முதல் ரெண்டையும் எல்லாரும் கேட்கிறோம். மூணாவதைக் கேட்கிறவங்க குறைவு. ஆனா அறம் என்று ஒன்று இருந்தால் அது அந்த மூணாவது கேள்வியில்தான் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஊசி வீணா?

நம் மொழியில் அதற்குப் பெயரே 'தடுப்பூசி'. தடுப்பு என்றதும் நம் மனசில் சுவரும் கதவும் வருது. போட்டா உள்ளேயே வராது என்று நினைச்சுட்டோம். இப்படி நினைக்க நம்மைப் பழக்கியது அம்மை நோய்கள். சின்னம்மை ஒருமுறை வந்தா பெரும்பாலும் மறுபடி வராது. பெரியம்மையை ஊசியால் உலகத்தை விட்டே விரட்டினோம். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவிச்சது. அதனால "வந்து போச்சுன்னா முடிஞ்சது" என்பது நம்ம பாட்டிகளின் அனுபவ அறிவு. அம்மைக்கு அது சரி. ஆனா சளி, ஜலதோஷம் விஷயத்தில் அதே பாட்டி அப்படிச் சொல்ல மாட்டாங்க. அது வருஷா வருஷம் வரும்னு அவங்களுக்குத் தெரியும். சாதாரண ஜலதோஷம் தரும் வைரஸ்களில் நாலு வகை கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவையும் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வருபவை.

இந்தப் புது கொரோனாவும் அப்படித்தான் என்பதற்கு முதல் அடையாளம் 2020 ஆகஸ்டிலேயே தெரிஞ்சுடுச்சு. ஹாங்காங்கில் 33 வயசுள்ள ஒருத்தர். மார்ச் மாசம் நோய் வந்து குணமானவர். நாலரை மாசம் கழிச்சு ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது விமான நிலையப் பரிசோதனையில் மறுபடி தொற்று. ரெண்டு தடவையும் எடுத்த வைரஸின் மரபணுவை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் வேற வேற. அதாவது பழசு உள்ளே தங்கியிருக்கல, புதுசா வந்திருக்கு. ஆனா ரெண்டாவது தடவை அவருக்கு இருமல்கூட இல்லை. பரிசோதனை செய்யாம விட்டிருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

உடம்புக்குள் என்ன நடக்குது? ஊசி கையில் போடுறாங்க. அதனால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருட்கள் உருவாகுது. வைரஸ் நுழையும் இடமோ மூக்கும் தொண்டையும். அங்கே காவல் குறைவு. மாதங்கள் போகப்போக ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளும் குறையும். ஆனா எதிரியின் முகத்தை ஞாபகம் வெச்சிருக்கும் செல்கள் உள்ளே இருக்கும். அவை விழிச்சு, பெருகி, சண்டைக்கு வர சில நாள் ஆகும். அந்தச் சில நாளில்தான் நமக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும். அதுக்குள்ள படை வந்துடுறதால நோய் நுரையீரல் வரைக்கும் போவது பெருமளவு குறையுது.

ஒமிக்ரான் இன்னொரு வேலையும் செஞ்சது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் அதை உலகத்துக்குச் சொன்னபோது, வைரஸின் முள்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேல மாற்றங்கள் இருந்தன. ஞாபகம் வெச்சிருந்த முகமே பாதி மாறிப்போச்சு. அதனாலதான் டெல்டா வந்து பிழைச்சவங்களுக்கும், ரெண்டு ஊசி போட்டவங்களுக்கும் மறுபடி வந்தது.

ஆக ஊசி சுவர் இல்லை. கவசம்.

கவசம் என்ற சொல் நம்ம வாயில் தினமும் வருகிற சொல். கந்த சஷ்டி கவசம் சொல்லாத நாள் நம்மில் பலருக்குக் கிடையாது. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, கவசம் யாருக்குத் தேவை? வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்கா? போர்க்களத்துக்குப் போகிறவனுக்குத்தான். கவசம் போடுகிறோம் என்றாலே அம்பு வரும், மேலே படும் என்று ஒத்துக்கொண்டாச்சு என்று அர்த்தம். அம்பு பட்டதும் "கவசம் பொய்" என்று எந்த வீரனும் கழற்றி எறிய மாட்டான். பட்டும் நிற்கிறோமே, அதுக்குத்தான் கவசம்.

இங்கே ஒரு நியாயமான வருத்தத்தையும் சொல்லியாகணும். "ஊசி போட்டா வரவே வராது" என்று ஆர்வத்தில் சொன்னவங்க இருந்தாங்க. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனா உண்மையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னா, அது உடையும்போது கூட்டிச் சொன்ன பகுதியோடு உண்மையான பகுதியும் சேர்ந்து உடையும். "வரலாம், ஆனா உயிரைக் காப்பாத்தும்" என்று முதல்லேயே சொல்லியிருந்தா, வந்த அன்னைக்கு யாரும் ஏமாந்த மாதிரி உணர்ந்திருக்க மாட்டாங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி. நான் சரியாத்தானே இருந்தேன், எனக்கு ஏன்?

நோய் வந்ததும் காரணம் தேடுவது மனுஷ சுபாவம். தப்பு எங்கே, பாவம் எங்கே என்று தேடுவோம். மத்தவங்க நமக்காகத் தேடித் தருவாங்க. "கல்யாணத்துக்குப் போனான்ல", "மாஸ்க்கைக் கீழ இறக்கினால்ல", "எல்லாம் அவங்க வினை". காத்தில் பரவும் ஒரு கிருமி நல்லவன் கெட்டவன் பார்த்து மூக்கில் நுழைவதில்லை. வார்டில் ராத்திரி முழுக்க நின்ற நர்ஸுக்கும் வந்தது. ஊரடங்கில் கூட்டம் சேர்த்தவனுக்கும் வந்தது. சில சமயம் நர்ஸுக்கு மூணு தடவை வந்தது, அவனுக்கு வரவே இல்லை. இதில் தீர்ப்பைத் தேடினால் கடைசியில் நாம் செய்யப்போவது ஒன்றுதான். படுத்திருப்பவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவோம்.

வினை என்பதை நான் மறுக்கல. ஆனா அது தன்னைத் தான் சோதிச்சுப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி. அடுத்தவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறதுக்கு இல்லை.

வெட்கப்பட வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துட்டோம். 2020-ல் நோயாளி வீட்டு வாசலில் தகரம் அடித்தாங்க, நோட்டீஸ் ஒட்டினாங்க. அக்கம்பக்கம் அந்த வீட்டைப் பார்த்த பார்வையே மாறிப்போச்சு. கடைசியில் அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படி ஒட்டக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. இதைப் பார்த்தவன் அடுத்த தடவை இருமல் வந்தா சொல்லுவானா? மறைப்பான். மறைச்சா பரவும்.

நம்ம ஊரில் இதைவிட நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவாங்க. பார்த்தவங்க உள்ளே வர மாட்டாங்க. அந்த வீட்டுக்காரங்களும் அடுத்தவர் வீட்டுப் படி ஏற மாட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இதுதான் கணக்கு. அங்கே யாரும் அந்தப் பிள்ளையைக் குற்றவாளியா பார்க்கல, 'அம்மா வந்திருக்கா' என்று மரியாதையாகத்தான் சொன்னாங்க. வெட்கமும் இல்லை, அலட்சியமும் இல்லை. தகரத்தில் இல்லாத ஏதோ ஒண்ணு அந்த வேப்பிலையில் இருந்தது.

இனி மூணாவது கேள்வி. எனக்கு லேசாத்தான் இருக்கு. இப்போ நான் என்ன செய்யணும்?

போர்க்களத்துக்கே திரும்பிப் போவோம். என் மேல் அம்பு வந்து படுது. கவசம் இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த அம்பு தெறிச்சுப் போகுதே, எங்கே போகுது? பக்கத்தில் கவசம் இல்லாமல் ஒருத்தர் நிற்கிறார்.

யார் அவர்? சிறுநீரகம் மாத்தி வெச்சு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கிறவர். வாரம் மூணு நாள் டயாலிசிஸ் போகிற பக்கத்து வீட்டு மாமா. இவங்களும் ஊசி போட்டவங்கதான். ஆனா அந்த உடம்பில் ஊசி முழுசா வேலை செய்யாது. நமக்கு இரும்பில் செஞ்ச கவசம், அவங்களுக்குத் துணியில் செஞ்சது.

ஹாங்காங்காரர் ஞாபகம் இருக்கா? அவருக்கு ஒரு வலியும் இல்லை. கவசம் நல்லா இருக்க இருக்க, அம்பு பட்டதே நமக்குத் தெரியாமல் போகலாம். "எனக்கு ஒண்ணுமில்லை" என்பது என் உடம்பைப் பற்றிய உண்மை. பக்கத்தில் இருப்பவர் உடம்பைப் பற்றி அது எதையும் சொல்லாது. பலம் கூடும்போது பொறுப்பு குறையுது என்று நாம் நினைக்கிறோம். கணக்கு நேர்மாறு.

"எப்படியும் எல்லாருக்கும் வரப்போகுது, இன்னைக்கு வந்தா என்ன?" என்று கேட்கலாம். என்னைக்கு வருது என்பதில்தான் ஒரு உயிரே இருக்கு. 2021 மே மாசம் சென்னை அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாளில் வருவதும், படுக்கை காலியாக இருக்கும் நாளில் வருவதும் ஒண்ணா? ஒரு பெரியவருக்கு அடுத்த ஊசி போடுவதற்கு முந்தின வாரம் வருவதும், போட்டு ஒரு மாசம் கழிச்சு வருவதும் ஒண்ணா? நாம் வாங்கித் தருகிற அந்த ஒரு மாசம் அவருக்கு எத்தனையோ வருஷமா ஆகலாம்.

2022 தைப்பூசம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, 18-ந் தேதிதான் பூசம். மாலை போட்டு விரதம் இருந்தவங்களுக்கு அது பெரிய வலி. "கடைத்தெருவில் கூட்டம் இருக்கு, கோயிலை மட்டும் மூடுவதா?" என்ற கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனா "நாங்கதான் ரெண்டு ஊசி போட்டாச்சே" என்ற வாதம் மட்டும் நிற்காது. நடக்கிற கால்கள் நம்முடையவை. வழியில் மோர் ஊத்தின கை ஒரு பாட்டியுடையது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கு, அதை விட்டுட்டுப் பேசக் கூடாது. அப்போ அரசு சொன்ன கணக்கு, லேசான நோய்க்குக் குறைஞ்சது ஏழு நாள் வீட்டில் இருக்கணும், கடைசி மூணு நாள் காய்ச்சல் இல்லாமல். மடிக்கணினியில் வேலை பார்க்கிறவனுக்கு ஏழு நாள் ஒரு சிரமமும் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவுக்கும், வீடு வீடா சாப்பாடு கொண்டுபோகிற தம்பிக்கும் ஏழு நாள் என்பது ஏழு நாள் சம்பளம். ரெண்டு பேருக்கும் ஒரே உபதேசம் சொல்வது அறம் ஆகாது. யாருக்கு ஒதுங்கி இருப்பது சுலபமோ, அவங்க கடமை அங்கே பெருசு. யாருக்கு அது பசியோ, அவங்களுக்குச் சம்பளத்தோடு லீவு தரும் கடமை வேலை வாங்குகிறவருக்கு. அரிசியும் பருப்பும் வாசலில் வெச்சுட்டு வரும் கடமை நமக்கு.

2023 மே 5-ல் உலக அவசரநிலை முடிஞ்சதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு. வைரஸ் போயிடல, நம்மோடுதான் இருக்கு. இனி யாரும் வந்து தகரம் அடிக்கப் போறதில்லை. அபராதமும் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருத்தர் எப்படி நடந்துக்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரியும்.

அதனால நண்பர்களே, அடுத்த தடவை காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா, "மறுபடியுமா" என்று நொந்துக்காதீங்க. கவசம் வேலை செஞ்சதால்தான் நொந்துக்கவாவது உட்கார்ந்திருக்கீங்க. வெட்கப்படாம நாலு பேர்கிட்ட சொல்லுங்க. பெரியவங்க இருக்கிற அறைக்குப் போகாதீங்க. வெளியே போய்த்தான் ஆகணும்னா மாஸ்க் போட்டுக்கோங்க. டயாலிசிஸ் மாமாவைப் பார்க்கப் போறதா இருந்தா, பத்து நாள் கழிச்சு வர்றேன்னு ஒரு போன் பண்ணுங்க. வாசலில் செருகும் வேப்பிலைக்கு இந்தக் காலத்தில் அந்த ஒரு போன்தான் பேர்.

எல்லாரும் நலமாக இருக்கணும். முருகா சரணம்.