மூன்றில் இரண்டு பங்கு

மத்திய அலை வானொலிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பொறியாளரை ஒரு கணக்கு உறுத்தும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளியேறும் சக்தியில் பெரும்பகுதி பேச்சையும் சுமப்பதில்லை, பாட்டையும் சுமப்பதில்லை. குரலை உச்ச அளவுக்கு ஏற்றினாலும் மூன்றில் இரண்டு பங்கைக் கேரியர் என்ற வெற்று அலையே எடுத்துக்கொள்ளும். குரல் போவது மீதி ஒரு பங்கில்தான். அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்தினால், அந்த நொடியில் வெளியேறும் சக்தி முழுவதுமே கேரியர்.

இதை வீண் செலவு என்று சொல்லிவிடலாம். கேரியரை அடக்கிவிட்டுக் குரலை மட்டும் அனுப்பும் முறையும் உண்டு. கப்பல்களும் ராணுவமும் நெடுங்காலமாக அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. வாங்கும் பெட்டி, வராத அலையைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் துல்லியமாக. கொஞ்சம் பிசகினாலும் குரல் விகாரமாகிவிடும். விலை கூடிய கருவியும் பழகிய கையும் அதற்குத் தேவை. டீக்கடைப் பலகையில் இருக்கும் ரேடியோவிடமும், வயல் வரப்பில் தொங்கும் ரேடியோவிடமும் அதைக் கேட்க முடியாது.

அதனால் ஒலிபரப்பை வகுத்தவர்கள் சுமையை அனுப்பும் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு நிலையம் பாரம் தாங்கும். லட்சக்கணக்கான பெட்டிகள் எளிமையாக இருக்கும். நிலையத்துக்கு அருகில் ஒரு கம்பிச்சுருள், ஒரு டயோடு, ஒரு காதுக்கருவி, கொஞ்சம் ஏரியல் கம்பி இருந்தால் பேட்டரியே இல்லாமல் கேட்கலாம். கேட்பதற்கான சக்தியையும் அந்த அலையே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

என் பணிக்காலம் பெரும்பாலும் இந்த வெற்று அலையைக் காப்பதிலேயே கழிந்தது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலைநீளம் ஏறத்தாழ 416 மீட்டர். அதில் கால்பங்கு உயரமுள்ள கோபுரம் என்றாலே 100 மீட்டரைத் தாண்டும். மத்திய அலையில் மாஸ்ட் ஆண்டெனாவைத் தாங்குவதில்லை, மாஸ்ட்தான் ஆண்டெனா. பீங்கான் இன்சுலேட்டர்மேல் அது நிற்கும். அடியில் செப்புக் கம்பிகள் எல்லாத் திசையிலும் மண்ணுக்குள் ஓடும். வால்வு காலத்தில் ஃபிலமென்ட் சூடேறிய பிறகுதான் உயர் மின்னழுத்தம் கொடுக்கலாம். காலை ஷிப்ட்காரர் விடியுமுன்பே வந்துவிடுவார். முகப்பு இசை ஒலிப்பதற்கு முன்பே கேரியர் ஏறி நின்றிருக்க வேண்டும். புயல் நெருங்கும் இரவுகளில் வழக்கமான நேரம் கடந்தும் நிலையத்தை மூடமாட்டோம். மீனவர்களுக்கான எச்சரிக்கை சில நிமிடங்கள்தான்; கேரியர் இரவெல்லாம் நிற்கும்.

கேரியர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ரேடியோவே காட்டிவிடும். அலை வலுவாக வரும்போது பெட்டி தன் உணர்திறனைத் தானாகவே தாழ்த்திக்கொள்ளும். அப்போது அறிவிப்பாளர் பேசாமல் இருந்தால் நாம் கேட்பது அமைதி. அலை அறுந்தால் பெட்டி உணர்திறனை முழுக்க ஏற்றிக்கொண்டு தேடத் தொடங்கும். தூரத்து மின்னல், பக்கத்து வீட்டு மோட்டார், ட்யூப்லைட் எல்லாம் இரைச்சலாக உள்ளே புகுந்துவிடும். ஆள் இருந்து பேசாதிருப்பது வேறு. ஆளே இல்லாதிருப்பது வேறு.

ஓய்வுபெற்ற பிறகு, பக்கவாதத்தில் பேச்சிழந்த என் அண்ணனுக்குத் துணையாக இருந்தேன். அவரிடம் சொல்ல எனக்கும் புதிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நான் எழுந்துபோனால் வாசல் கதவுச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் தெருவில் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கண்ணயர்வார். ஆறுதல் என்றால் சொல்லப்படும் வார்த்தை என்றே நாம் நினைக்கிறோம். நோயாளிக்கும், முதியவருக்கும், பரீட்சையில் தோற்று அறைக்குள் முடங்கிய பிள்ளைக்கும் வார்த்தை ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு, ஆள் அங்கே இருப்பது.

துக்கம் கேட்கப் போன வீட்டில் எல்லோரும் சொல்வோம்: “ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க.” நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் சுமை யார்மேல் விழுகிறது? தேவை இன்னதென்று கண்டுபிடிப்பது, கூச்சத்தை விடுவது, நேரம் பார்த்து அழைப்பது எல்லாமே நொந்துபோன மனிதரின் வேலையாகிவிடுகிறது. வராத அலையை அவரே உண்டாக்கிக்கொள்ளட்டும் என்கிறோம்.

வானொலியில் நிலையத்தின் சுமையைத் தொழில்நுட்பம் குறைத்துக்கொண்டே வருகிறது. புதிய டிரான்ஸ்மிட்டர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கேரியரைத் தாழ்த்தி மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன. டிஜிட்டல் முறையில் அந்தப் பெரிய கேரியரே இல்லை. அது சரிதான். வாங்கும் பெட்டி வலுவாகிவிட்டது. பாரத்தில் பங்கேற்க அதனால் முடிகிறது. ஆனால் தளர்ந்த மனிதரின் வலு அப்படி வளர்ந்துவிடவில்லை. அவரிடம் “கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வருவதைவிட, “செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வருவேன்” என்று சொல்லிப் போய்க்கொண்டிருப்பது மேல். பேச ஒன்றும் கிடைக்காத நாளிலும் போகவேண்டும். அன்று யார் கையில் வலு இருக்கிறதோ அவர்தான் பாரத்தை எடுக்கவேண்டும். நாளை அந்த முறை மாறி வரும்.