வியப்பும் அறிவும்

ஒரு பொருளின் காரணம் விளங்கியவுடன் அதன்மேற் சென்ற வியப்பு ஒழியுமென்பாருளர். உபாத்தியாயர் சிலரும் இவ்வச்சத்தால் இயற்கையழகைச் செய்யுள் வகுப்புக்கே ஒதுக்கிவிடுகின்றனர். இக்கொள்கை பொருந்துமோ?

மன்னார்ப் பகுதியில், 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட வங்காலையின் ஆழமில்லா நீர்நிலைகளுக்கு மாரிக்காலத்திற் பூநாரைகள் வருகின்றன. அவற்றின் செவ்வண்ணத்தைக் கண்டு மகிழ்வார் பலர். அவ்வண்ணமோ பிறவியில் அமைந்ததன்று, குஞ்சு சாம்பனிறத்தது. உப்புநீரில் வளரும் நுண்பாசியிலும், அதனையுண்ணும் சிற்றுயிர்களிலுமுள்ள நிறப்பொருள் உணவுவழிச் சென்று, ஆண்டுகள் சில கழிய, இறகிலே சிவப்பாய்த் தோன்றுகின்றது. அவ்வுணவு பெறாதது வெளிறும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாய் நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை வாங்கியும் தள்ளியும் அஃது இரையை வடித்துண்ணுந் திறமோ, சொன்னாலும் நம்பற்கரிது!

கண்ணாற் காணுமுன் காரணத்தை மனனஞ் செய்வித்தல் வியப்பைக் கெடுக்குமென்பது மெய்யே. அக்குற்றம் அறிவினதன்று, கற்பிக்கும் முறையினது.

அறியாதான் வியப்பு பறவை பறந்தவுடன் ஒழிகின்றது. அறிந்த மாணாக்கனோ அச்சிறகிலே உப்பையும் பாசியையும் சேற்றையும் ஒருங்கே காண்கின்றான். பூநாரைகள் நீங்கிய பின்னரும் அவனுக்கு அச்சேறு வெறுஞ்சேறன்று. பயனில்லா நிலமென்று அதனைத் தூர்க்கவும், குப்பை கொட்டவும் ஊரார் முற்படுங்கால், அவன் எளிதில் உடன்படான்.