இந்த விலைக்கு இது தகுமா?

 

நம் கடைகளில் நாள்தோறும் காதில் விழும் கேள்வி ஒன்றுண்டு. "இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு அந்த உயர்ந்த சாமானையே எடுத்துக் கொள்ளலாமா? அந்த விலைக்கு அது தகுமா?" என்பதே அக்கேள்வி. ஜவுளிக் கடையில் இதைக் கேட்கிறார்கள். கைக்கடிகாரக் கடையில் கேட்கிறார்கள். பாத்திரக் கடையிலும் கேட்கிறார்கள். ஆயினும் இந்நாளில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் கணினிக் கடைதான். அதிலும் விளையாட்டுக்கென்றே தனியாகச் செய்து விற்கப்படும் 'கேமிங் லேப்டாப்' என்னும் மடிக்கணினி விஷயத்தில், வாங்குகிறவருக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை; விற்கிறவருக்கோ எல்லாம் தெரியும். தெரிந்தவர் தெரியாதவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதையே நாம் இங்குச் சிந்திக்கப் புகுகிறோம்.

ஓர் உதாரணம் வைத்துக் கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனையாகி, இப்போது வீடுகளாகிவிட்ட ஓரிடத்திலிருந்து தகப்பனும் மகனும் ஈப்போவுக்கு வருகிறார்கள். பாட்டனார் அங்கே பால் வெட்டியவர். தகப்பனார் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு இருப்பவர். மகனுக்கு உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. 1969இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட அதுதான் நம் நாட்டின் முதல் பொலிடெக்னிக். மேஜைமேல் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்றின் விலை 3,500 வெள்ளி. மற்றொன்றின் விலை 5,200 வெள்ளி. வித்தியாசம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமும் சரியாக அதே 1,700 வெள்ளிதான். ஆகவே அந்த வித்தியாசம் ஒரு மனிதனின் ஒரு மாத உழைப்பு. மகனின் கண் விலை கூடிய கணினியின்மேல் இருக்கிறது. தகப்பனாரின் கண்ணோ கடைக்காரரின் முகத்தின்மேல் இருக்கிறது. "பாய், நீங்களே சொல்லுங்கள், அது தகுமா?" என்கிறார் அவர்.

முதலில், அந்த 1,700 வெள்ளிக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் மூன்று பொருள்கள்: பலம் கூடிய கிராபிக்ஸ் கார்டு, வேகமாக மாறும் திரை, வெப்பத்தை வெளியேற்றும் பெரிய விசிறிகள். சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. விளையாட்டுக் கணினியின் திரை 144 முறையோ அதற்கும் மேலோ மாற்றுகிறது. ஓடிச் சுடும் விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கட்டுரை தட்டச்சு செய்வதிலோ பாடம் பார்ப்பதிலோ அதனால் ஒரு லாபமும் இல்லை. விளையாட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. 2020இல் வெளிவந்த வாலரண்ட் என்னும் விளையாட்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத எளிய கணினியிலும் ஓடும்படி செய்யப்பட்டது. அதே 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 என்பதற்கோ பெரிய கார்டு வேண்டும். எனவே, பையன் எதை விளையாடுகிறான், எதைப் படிக்கிறான் என்று கேட்காமல் "தகும்" என்றோ "தகாது" என்றோ ஒருவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. விலை கூடிய கணினி எல்லா வகையிலும் உயர்ந்தது என்று எண்ணுவது தவறு. விளையாட்டுக் கணினிகள் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை உள்ளவை; மின்சாரம் கொடுக்கும் அடாப்டரும் கனமானது. மின் இணைப்பை எடுத்துவிட்டால் அவற்றின் வேகம் குறையும். மின்கலமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசிறியின் சத்தம் வகுப்பில் பக்கத்து மாணவனுக்கும் கேட்கும். பஸ்ஸில் ஏறி இறங்கி வகுப்புக்குச் செல்லும் பையனுக்குக் கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் சுமையை வாங்கிக் கொடுத்ததாகவும் அது முடியலாம்.

இனி மார்க்கம் காட்டும் அளவுகோலுக்கு வருவோம். ஸ்பெயின் தேசத்துக் கிரனடாவில் வாழ்ந்து கி.பி. 1388இல் மறைந்த இமாம் ஷாத்திபீ அவர்கள், மனிதனின் நலன்களை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துவிடும் என்பவை முதற்படி. இல்லாவிட்டால் சிரமம் உண்டாகும் என்பவை இரண்டாம் படி. இருந்தால் வாழ்வுக்கு அழகு சேரும் என்பவை மூன்றாம் படி. இவற்றுள் மூன்றாம் படியையும் மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் படிக்காக முதற்படியை இடித்துவிடக் கூடாது. இப்போது பாருங்கள்: அதே கணினி ஒரு வீட்டில் இரண்டாம் படி, மற்றொரு வீட்டில் மூன்றாம் படி. பையன் படிக்கப் போவது முப்பரிமாண இயந்திர வரைபடமாக இருந்தால், அல்லது அவன் வீடியோ தொகுத்துச் சம்பாதிக்கப் போகிறவனாக இருந்தால், பெரிய கிராபிக்ஸ் கார்டு அவனுக்குத் தொழிற்கருவி. கணக்கியல் படிப்பவனுக்கு அது அலங்காரம். சாமான் மாறவில்லை, அதை வாங்குகிறவரின் தேவை மாறுகிறது.

வீண் விரயத்தை மட்டுமே பேசிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. திருக்குர்ஆன் அளவின்றிச் செலவு செய்வதையும் கண்டிக்கிறது. கையைக் கழுத்தோடு கட்டிக் கொள்ளும் கஞ்சத்தனத்தையும் கண்டிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களையே 'புர்க்கான்' என்னும் அத்தியாயம் அல்லாஹ்வின் நல்லடியார்களாக எடுத்துக் காட்டுகிறது. மலிவென்று வாங்கிய கணினி மகனின் பாடத்துக்குப் போதாமல் போய், அடுத்த வருஷம் இன்னொன்று வாங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்ததாக நினைத்ததே விரயமாகிவிட்டது. ஆகவே "குறைந்ததை வாங்குவதே தக்வா" என்று நாம் சொல்லவில்லை. உபயோகத்துக்குத் தக்கதை வாங்குவதே நடுநிலை என்கிறோம்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழுகையையும் படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்காத விளையாட்டை வாலிபனுக்கு முற்றும் மறுப்பது நியாயமல்ல. தோட்டத்து லயத்தில் பாட்டனார் மாலையில் பந்தடித்தார். பேரன் திரையில் ஆடுகிறான். தகப்பனார் முன்னிலையில் அவனை வெட்கப்படுத்தி, "உனக்கு ஏன் இதெல்லாம்?" என்று கேட்பது கடைக்காரருக்கு உரிய வேலையுமல்ல. அவனிடம் உள்ளதை உள்ளபடி விளக்கினால் போதும். பெரும்பாலான பிள்ளைகள் விளங்கிக் கொள்வார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "வாங்குகிறவர் வயது வந்தவர். அவர் பணம், அவர் இஷ்டம். நாம் கெட்டுப்போன சரக்கை விற்கவில்லை, எடையில் குறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதானே வியாபாரம்?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியல்ல. தானியக் குவியலின் உள்ளே ஈரம் இருப்பதை மறைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். அங்கே குறை மறைக்கப்பட்டது. இங்கே கணினியில் ஒரு குறையும் இல்லை. அதனால் இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான்.

ஆனால் தகப்பனார் வாய் திறந்து "தகுமா?" என்று கேட்ட அந்த நிமிஷத்தில் விஷயம் மாறிவிடுகிறது. அதுவரை அவர் விலை கேட்டார். இப்போது ஆலோசனை கேட்கிறார். யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நபிமொழியின் கருத்து. விலைக்குப் பதில் சொல்கிறவர் வியாபாரி. ஆலோசனைக்குப் பதில் சொல்கிறவர் அமானிதக்காரர். ஒருவர் நம்மிடம் நகைப் பெட்டியைக் கொடுத்து வைத்தால், அதிலிருந்து ஒரு மோதிரத்தை எடுக்க நம் கை நடுங்காதா? தம் அறியாமையை நம்மிடம் திறந்து காட்டியவர் அதைவிடப் பெரிய பொருளையன்றோ ஒப்படைத்திருக்கிறார்! அதிலிருந்து 1,700 வெள்ளியை எடுத்துக் கொள்வது எப்படி ஹலாலான லாபத்தைப்போல் மனத்தில் இனிக்கும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில், சம்பாத்தியத்தைப் பற்றிய பகுதியில் ஒரு சரிதையைச் சொல்கிறார்கள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்னும் பெரியார் துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர்களிடம் 400 திர்ஹம் பெறும் ஆடைகளும் இருந்தன. 200 திர்ஹம் பெறும் ஆடைகளும் இருந்தன. கடையில் சகோதரர் மகனை வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹத்துக்கு ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவர் அதை விரும்பி 400 கொடுத்து வாங்கிக் கொண்டு போனார். வழியில் யூனுஸ் (ரஹ்) அவரைச் சந்தித்து, தம் கடை ஆடை என்று அறிந்து விலையை விசாரித்தார்கள். அது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்றார்கள். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார் அவர். அப்படியும் விடாமல் அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பையனைக் கடிந்து கொண்டபோது, அவர் திருப்தியோடுதானே வாங்கினார் என்று அவன் வாதாடினான். உனக்கு எதைத் திருப்தி என்று கொள்வாயோ அதை அவருக்கும் ஏன் கொள்ளவில்லை என்று கேட்டார்கள் அப்பெரியார்.

வாங்குகிறவரின் திருப்தி மட்டும் போதாது என்பது இச்சரிதையில் தெளிவாக இருக்கிறது. தெரியாதவரின் திருப்தி நம் குற்றத்தைக் கழுவிவிடாது.

இதில் முதலாளிகளாகிய நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அன்று கடையில் நின்றவன் யூனுஸ் (ரஹ்) அல்ல, அவருடைய சகோதரர் மகன். இன்று நம் கடைகளில் நிற்பவர்களும் நம் சிப்பந்திகளே. விலை கூடிய கணினி ஒன்றை விற்றால் இத்தனை வெள்ளி கமிஷன் என்று நாமே ஏற்படுத்தி வைத்துவிட்டு, அவர்கள் உண்மை சொல்லவில்லை என்று குறைபட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பொய்க்குக் கூலி கொடுப்பவர் நாமாகிவிடுகிறோம். கமிஷன் கொடுப்பதானால் எந்தக் கணினி விற்றாலும் ஒரே அளவாகக் கொடுப்பது இந்தச் சோதனையிலிருந்து அவர்களைக் காப்பாற்றும்.

ஆலோசனை சொல்கிறவர் முதலில் அறிந்திருக்கவும் வேண்டும். பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்தால் ஏமாற நேரும். 2023இல் என்விடியா வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4070 என்னும் கார்டு, மேஜைக் கணினியில் 12 ஜிகாபைட் நினைவகத்தோடு வந்தது. அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிக் கார்டு 8 ஜிகாபைட்டோடு வந்தது. மடிக்கணினி 4060க்கும் அதே 8 தான். மேலும் அந்த 4060ஐ 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் ஓடும்படி தயாரிப்பாளர் அமைத்துக் கொள்ளலாம். ஆகவே ஒரே எண் ஒட்டிய இரண்டு கணினிகள் ஒரே பலம் உள்ளவை என்று சொல்வதற்கில்லை. இது தெரியாத கடைக்காரர் "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதே நேர்மை. பல கணினிகளில் பின்னால் நினைவகத்தைக் கூட்டிக் கொள்ள இடமுண்டு; சிலவற்றில் இல்லை. அதையும் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டும் வழியிலும் கவனம் தேவை. மாதம் இத்தனை வெள்ளிதான் என்று தவணையைச் சொல்லி மொத்த விலையை மறக்கச் செய்வது ஒரு தந்திரம். தவணை விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும், பேசும்போதே ஒரே விலையாக முடிவு செய்துவிட்டால் அது ஆகும் என்பது பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு. ஆனால் தவணை தவறினால் கடன்மேல் ஏறும் வட்டி வட்டிதான். வருமான வரியில் 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறைச் சலுகை உண்டு, கணினிக்கும் அது பொருந்தும் என்று சொல்லி விற்பவரும் உண்டு. அந்தத் தொகை கைக்குத் திரும்பி வருவதல்ல. வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. நூற்றுக்கு 6 வீதம் கட்டுபவருக்கு அதனால் மிஞ்சுவது 150 வெள்ளியே.

இப்படி நடந்தால் நமக்கு நஷ்டமில்லையா என்றால், அன்றைய லாபத்தில் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடை வாடகையும் சிப்பந்திச் சம்பளமும் நமக்கும் உண்டு. நம்பிக்கை வைத்தவர் மறுபடி வருவார் என்று சொல்வதுண்டு. பல சமயம் வருவார், சில சமயம் வரவும் மாட்டார். அந்த எதிர்பார்ப்பில் மட்டும் உண்மை சொன்னால் அதுவும் ஒரு வியாபாரமே. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவாக்கினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாம் சார்ந்து நிற்க வேண்டியது அந்த வாக்கின்மேல்தான். வாங்க வருகிறவர் முஸ்லிமாயினும், இந்துவாயினும், சீனராயினும், மலாய்க்காரராயினும் இந்த அமானிதத்தில் பேதமில்லை.

ஆகவே சகோதரர்களே, அந்தத் தகப்பனாரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்: பையன் என்ன படிக்கப் போகிறான்? எதை விளையாடுகிறான்? இந்த 1,700 வெள்ளி வீட்டில் வேறு எதற்குத் தேவைப்படுகிறது? அவர் சொல்லும் பதிலைக் கேட்டு, உங்கள் சொந்த மகனுக்கு எதை எடுத்துக் கொடுப்பீர்களோ அதைச் சுட்டிக் காட்டுங்கள். அது விலை கூடியதாக இருந்தால் தயங்காமல் விற்றுவிடுங்கள்; குறைந்ததாக இருந்தால் மனம் கோணாமல் விற்றுவிடுங்கள். முடிவு செய்வது அவருடைய உரிமை. உண்மையைச் சொல்வது நம்முடைய கடமை.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளுக்கு உண்மையையும் நம் கல்லாப் பெட்டிகளுக்குப் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.