அமைதி யாருக்கு உரியது?

கல்வி எல்லார்க்கும் பொதுவானது என்பது இந்நாட்டில் நாம் பெருமையோடு கூறிக்கொள்ளும் கொள்கை. கன்னங்கரா அவர்கள் முன்னின்று நிறைவேற்றிய இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தபின், கட்டணம் என்னும் மதில் சரிந்தது. ஆயின், வாயிலைக் கடந்து உள்ளே வந்த பிள்ளையால் அங்கிருந்து கற்க முடிகிறதா என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது.

கொழும்பின் நிலையைப் பாருங்கள். வெள்ளவத்தையிலே ஒருபுறம் காலி வீதியின் பஸ் ஒலி; மறுபுறம் கடலோரமாக விரையும் புகையிரதம். கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்துக்குப் போய்வரும் லொறிகளின் இரைச்சல். நீண்ட மண்டபத்தை அரைச்சுவராலும் தட்டியாலும் பிரித்து வகுப்புகள் நடத்தும் பாடசாலையில், ஒரு வகுப்பின் வாய்பாடு அடுத்த வகுப்பின் பாட்டோடு மோதுகிறது. தலைக்குமேல் மினுங்கும் மின்குழல்; சீமெந்துத் தரையில் இழுபடும் கதிரைகள்.

பெரும்பாலான பிள்ளைகள் இவற்றைப் பின்தள்ளிவிட்டு ஆசிரியரின் குரலைப் பற்றிக்கொள்கின்றனர். சிலரால் அது இயல்வதில்லை. ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பலருக்கு ஒலியும் ஒளியும் தாங்கவொண்ணாத வலிமையோடு வந்து தாக்குகின்றன. வேறு சிலருக்கோ, உடலை அசைத்துக்கொண்டிருந்தால்தான் மனம் ஒருநிலைப்படுகிறது. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையையும் வாங்கில் இருக்கமாட்டாத பிள்ளையையும் நாம் ஒரே சொல்லால் சுட்டுகிறோம்: 'குழப்படி'. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பிரம்பை விலக்கியது. அச்சொல்லை எந்தச் சுற்றறிக்கையும் விலக்க இயலாது.

இத்தகைய பிள்ளைக்கு வகுப்பறையிலேயே இரைச்சல் குறைந்த ஓர் இடம் வேண்டும் என்றால், "ஒருவனுக்கு மட்டும் சலுகையா? மற்றவர்க்கு இது அநீதியன்றோ?" என்ற கேள்வி எழுகிறது. கண்பார்வை குறைந்த பிள்ளையை முன்வரிசையில் இருத்தும்போது எவரும் இதனைக் கேட்பதில்லை. கரும்பலகை எல்லார்க்கும் தெரியவேண்டும் என்பதே அங்கு சமத்துவம். கதிரை எங்கே கிடக்கிறது என்பதன்று.

இதனினும் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. மூலை என்பது நமது சமுதாயத்தில் களங்கமற்ற சொல் அன்று. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் இருத்தப்பட்டனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கோரிப் போராடித்தான் அவர்கள் வாங்கில் ஏறினர். அத்தகைய வரலாறுடைய நாம் மீண்டும் ஒரு பிள்ளைக்குத் தனியிடம் வகுக்கலாமா?

வகுக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அன்று இடத்தைத் தீர்மானித்தவர் பிறர். திரும்பிவர வழியும் இருக்கவில்லை. இன்று நாம் வேண்டும் இடத்துக்குப் பிள்ளை தானே போகவேண்டும், தானே மீளவேண்டும். தலையிடியோடு வந்த பிள்ளைக்கும், இரவெல்லாம் அயல்வீட்டுச் சண்டையைக் கேட்டு உறங்காத பிள்ளைக்கும் அது திறந்திருக்க வேண்டும். தண்டனையாக எவரையும் அங்கே அனுப்பலாகாது. அனுப்பிய அன்றே அது பழைய தரையாகிவிடும்.

மரியா மொண்டிசோரி உரோமாபுரியில் முதலில் பணியாற்றியது, மனவளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளிடையே. அங்கு கற்றதைக்கொண்டே 1907இல் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தமது முதற் குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையே தூக்கி நகர்த்தத்தக்க சிறு கதிரைகள் அவரது முறையின் அடையாளங்களுள் ஒன்று. அமைதியையும் அதட்டிப் பெறாமல், பிள்ளைகள் கூடி உருவாக்கும் பயிற்சியாக்கினார். 1944இல் அவர் இலங்கைக்கும் வந்தார். இன்று கொழும்பில் அவர் பெயர் கட்டணம் பெறும் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. ஏழைப் பிள்ளைக்காகப் பிறந்த முறை வசதியுள்ளோரின் பண்டமானதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அமைதியும் அவ்வாறே விலைப்பொருளாகிவிட்டது. பணமுள்ள பெற்றோர் குளிரூட்டிய வகுப்பறையை வாங்குவர், சிகிச்சையாளரையும் அமர்த்துவர். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைப்பது பெயர்வெட்டும் வசையுமே. மாற்றுத்திறனாளியென்ற காரணத்தால் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அனுமதித்துவிட்டுத் தாங்கமுடியாத இரைச்சலில் இருத்துவது வேறொரு மறுப்பேயாகும்.

வேண்டியவை அரிய பொருள்கள் அல்ல. வீதிப்பக்க யன்னலுக்கு எட்ட, சுவரை நோக்கிய ஒரு மேசை, ஒரு பாய், வெயிலை மறைக்கும் துணி, கதிரைக் கால்களுக்கு இறப்பர்த் துண்டு, பழுதான மின்குழலுக்குப் புதியதொன்று, அடுத்த பாடம் எதுவெனப் படத்தால் காட்டும் அட்டை, எழுந்துநின்று எழுத அனுமதி. இவற்றுள் இறுதியானதற்குப் பணமே தேவையில்லை.

ஆயினும், நெரிசலான வகுப்பும் பரீட்சைச் சுமையும் அழுத்தும் ஆசிரியர்மீது இதனை முழுவதும் சுமத்துவது நேர்மையாகாது. வகுப்பின் தொகையைக் குறைப்பதும், பயிற்சி பெற்ற துணையாசிரியரை நியமிப்பதும், தட்டிகளுக்குப் பதிலாகச் சுவர் எழுப்புவதும் அரசின் கடமை. அதனைக் கோருவது பெற்றோர் அனைவரின் கடமை. அந்த ஒரு பிள்ளையின் பெற்றோருடையது மட்டுமன்று. சம ஆசனம் கேட்டவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வேலை இன்னும் முடியவில்லை. ஆசனம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து கற்கும் உரிமையை இனி நாம் கேட்கவேண்டும்.